பெய்ரூட்டில் 241 பேர், பெங்காசியில் 4 பேர்: பொறுப்பை யார் கணக்கில் எழுதுவது?

கேள்வி இதுதான்: வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப்பட்ட படைவீரர்கள் இறந்தால் அரசியல் பொறுப்பு யாருடையது? எதிர்க்கட்சி ஆட்சியில் நடந்தால் "அதிபர்தான் கொன்றார்" என்கிறவர்கள், தங்கள் கட்சி ஆட்சியில் நடந்தால் "நாட்டுக்காகச் செய்த தியாகம்" என்கிறார்களே, இறந்தவர்களின் எண்ணிக்கையை வைத்தாவது எந்த ஆட்சி மோசம் என்று சொல்ல முடியாதா?

கேட்டவர் அமெரிக்காவை மனதில் வைத்துக் கேட்டிருப்பது தெரிகிறது. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அது நம்மை எங்கேயும் கொண்டு சேர்க்காது.

1983 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை காலை. லெபனானில், பெய்ரூட் விமான நிலையத்தை ஒட்டி, அமைதி காக்கப் போன அமெரிக்க மரைன்கள் தங்கியிருந்த கட்டடத்துக்குள் வெடிமருந்து ஏற்றிய லாரி ஒன்று புகுந்தது. 241 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். சில நிமிடங்களில் பிரெஞ்சுப் படையினரின் கட்டடத்திலும் அதே மாதிரி நடந்து 58 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் தேர்தல். குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றார்.

2012 செப்டம்பர் 11, ஜனநாயகக் கட்சியின் ஒபாமா ஆட்சி. லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதரக அலுவலகம் தாக்கப்பட்டது. இறந்தவர்கள் 4 பேர்: தூதர் கிறிஸ்டபர் ஸ்டீவன்ஸ், ஒரு தூதரக அலுவலர், சி.ஐ.ஏ.வுக்கு ஒப்பந்தத்தில் வேலை பார்த்த இரண்டு முன்னாள் சீல் (கடற்படை அதிரடிப் பிரிவு) வீரர்கள். நால்வரில் ஒருவர்கூட அப்போது படைப் பணியில் இல்லை. ஆனால் இதற்காகப் பல குழுக்கள் விசாரித்த பிறகும், 2014-இல் கீழவையில் தனியாக ஒரு சிறப்புக் குழு அமைத்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விசாரித்தார்கள். தாக்குதல் நடந்தபோது வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி கிளின்டனை ஒரே நாளில் சுமார் 11 மணி நேரம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். குடியரசுக் கட்சியின் கெவின் மெக்கார்த்தி, அந்தக் குழு அமைத்ததால்தான் ஹிலாரியின் செல்வாக்கு சரிகிறது என்று தொலைக்காட்சியிலேயே பெருமையாகச் சொல்லிவிட்டு, சில நாட்களில் சபாநாயகர் பதவிக்கான போட்டியிலிருந்து விலகினார். உண்மையை வாய்தவறிச் சொல்லிவிடுபவர்களுக்கு அரசியலில் எப்போதும் கஷ்டம்தான்.

பெய்ரூட்டில் இறந்தவர்கள் அறுபது மடங்கு அதிகம். அரசியல் புயலோ எதிர்ப்பக்கத்தில் அடித்தது. ஏன்? பெய்ரூட்டில் எதிர்க்கட்சியும் கையெழுத்துப் போட்டிருந்தது. கீழவை அப்போது ஜனநாயகக் கட்சி வசம். லெபனானில் படை இன்னும் 18 மாதம் இருக்கலாம் என்று அனுமதி தந்த தீர்மானத்துக்கு அவர்களின் சபாநாயகர் டிப் ஓ'நீலே ஆதரவு. குண்டு வெடிப்பதற்கு 11 நாட்களுக்கு முன்னால்தான் ரீகன் அதில் கையெழுத்திட்டார். உடன் கையெழுத்துப் போட்டவர் உடனே சண்டைக்கு வர முடியாது. போதாததற்கு, வெடித்த இரண்டாம் நாளே கிரெனடா படையெடுப்பு. செய்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பெங்காசி விஷயத்தில் எதிர்க்கட்சி எங்கேயும் மாட்டிக்கொள்ளவில்லை. அதோடு, பொறுப்பில் இருந்த அமைச்சர் 2016 அதிபர் தேர்தலில் வேட்பாளராவார் என்பதும் எல்லோரும் எதிர்பார்த்ததுதான்.

ஆக, கூச்சலின் அளவை வைத்துப் பொறுப்பை அளக்க முடியாது. வேறு எதை வைத்து அளப்பது?

நான் இந்த விசாரணை அறிக்கைகளைப் படிக்கும்போது ஒன்றைத்தான் தேடுவேன். மேலே எடுத்த ஓர் அரசியல் முடிவு, கீழே ஒரு வீரனின் உடம்பை எந்த இடத்தில் தொட்டது? போவதா வேண்டாமா என்பது மேல்நிலை முடிவு. அதைப் பற்றிக் கட்சிகள் நிறையப் பேசும். அன்றைக்குக் களத்தில் என்ன நடந்தது என்பதைப் படைத்தளபதிகள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பகுதி இருக்கிறது: என்ன ஆயுதத்தோடு, எந்த விதியோடு, என்ன வண்டியில், யாருக்குத் தெரிந்து, யாருக்குத் தெரியாமல் அனுப்பினார்கள் என்பது. ஆட்கள் சாவது பெரும்பாலும் இந்த நடுப்பகுதியில்தான். கட்சிகள் பேசாமல் தாண்டிப் போவதும் இதைத்தான்.

பெய்ரூட்டையே எடுத்துக்கொள்வோம். அட்மிரல் ராபர்ட் லாங் தலைமையிலான விசாரணைக் குழு டிசம்பரில் அறிக்கை தந்தது. அதில் இரண்டு அட்டைகளைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. மரைன்களுக்குச் சுடும் விதிகளை அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கத் தூதரகம் தாக்கப்பட்டதால், தூதரகக் காவலில் இருந்தவர்களுக்கு நீல அட்டை: அத்துமீறி நுழையும் வாகனத்தைச் சுடலாம். விமான நிலைய வளாகத்தில் இருந்தவர்களுக்கு வெள்ளை அட்டை: துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றி வைத்திருக்கக் கூடாது. வளாகத்தின் உட்புறக் காவலில் இருந்தவர்கள் தோட்டாக்கள் நிரப்பிய மேகசினையே மாட்டக் கூடாது என்பது களத்தளபதியின் உத்தரவு. ஒரே நகரம், ஒரே படை, இரண்டு அட்டை. லாரி முள்வேலியை உடைத்துக்கொண்டு வந்தபோது வாயிற்காவலர் மேகசினை எடுத்து மாட்டி, தோட்டாவை ஏற்றுவதற்குள் அது கட்டடத்துக்குள் போய்விட்டது. முன்கூட்டியே மாட்டியிருந்தால் மட்டும் லாரி நின்றிருக்குமா என்றால், நின்றிருக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அந்த மேகசின் ஏன் பையில் இருந்தது? இவர்கள் சண்டை போட வரவில்லை, அமைதி காக்க வந்தவர்கள் என்று வாஷிங்டன் உலகத்துக்குச் சொல்லியிருந்தது. அந்த வார்த்தை படிப்படியாக இறங்கி வந்து கடைசியில் ஒரு வெள்ளை அட்டையாகவும் ஓர் உத்தரவாகவும் ஆகிவிட்டது. இதற்கிடையில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் லெபனான் ராணுவத்துக்கு ஆதரவாக மலைகள்மீது குண்டு வீசத் தொடங்கியிருந்தன. எதிரியின் கண்ணில் இவர்கள் ஒரு தரப்பு. அட்டையில் மட்டும் நடுநிலை.

அறிக்கை படைத்தலைமையைக் கடுமையாகக் குறை சொன்னது. அது வெளியாகும் சமயத்தில் ரீகன் முந்திக்கொண்டு, பழி என்று ஒன்று இருந்தால் அது இந்த அலுவலகத்தையும் என்னையும் சேரும், களத்தில் இருந்த தளபதிகளைத் தண்டிக்க வேண்டாம் என்று அறிவித்தார். இதைப் பெருந்தன்மை என்று புகழ்ந்தவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி சம்மதம்தான். தளபதிகளைப் பலிகடா ஆக்காதது நல்லது. ஆனால் உச்சியில் இருப்பவர் மொத்தப் பழியையும் எடுத்துக்கொண்டதும், நடுவில் இருந்த யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிட்டது. அதிபரும் எதையும் இழக்கவில்லை. பழியை ஏற்பது சில நேரம் விசாரணைக் கோப்பை மூடும் வழியும்கூட.

பத்து ஆண்டு கழித்து சோமாலியா. படையை அனுப்பியது 1992 டிசம்பரில் தந்தை புஷ், குடியரசுக் கட்சி. அது சாப்பாடு கொண்டுபோய்ச் சேர்க்கும் பணி. கிளின்டன் காலத்தில், 1993 ஜூனில் ஐ.நா. படையின் பாகிஸ்தான் வீரர்கள் 24 பேர் மொகதிஷுவில் கொல்லப்பட்ட பிறகு, அது போர்த்தலைவர் அய்தீதைப் பிடிக்கும் வேட்டையாக மாறியது. செப்டம்பரில் களத்திலிருந்த அமெரிக்கத் தளபதி டாங்கிகளும் கவச வண்டிகளும் கேட்டார். பாதுகாப்பு அமைச்சர் லெஸ் ஆஸ்பின் மறுத்துவிட்டார். படையைக் குறைத்துத் திரும்பக் கூப்பிடு என்று நாடாளுமன்றம் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். அப்போது டாங்கி அனுப்பினால் பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? அக்டோபர் 3-4 சண்டையில் 18 அமெரிக்கர்கள் இறந்தார்கள். சிக்கிக்கொண்டவர்களை மீட்க மலேசியர்களின் கவச வண்டிகளையும் பாகிஸ்தானியரின் டாங்கிகளையும் கடன் கேட்டுத் திரட்ட இரவில் பல மணி நேரம் ஆனது. டிசம்பரில் ஆஸ்பின் பதவி விலகல் அறிவிக்கப்பட்டது.

இதில் குடியரசுக் கட்சிக்காரர் ஆஸ்பினையும் கிளின்டனையும் காட்டுவார். ஜனநாயகக் கட்சிக்காரர் புஷ்ஷைக் காட்டுவார். டாங்கி போகாததற்கு ஒரு காரணம் வாஷிங்டனில் நிலவிய "சீக்கிரம் கிளம்பு" என்ற மனநிலை. அதை உருவாக்கியதில் இரண்டு கட்சி உறுப்பினர்களுக்கும் பங்கு உண்டு. சண்டை முடிந்த பிறகு அவர்களே, பாதுகாப்பில்லாமல் பையன்களை விட்டுவிட்டாயே என்று அமைச்சரைக் கேட்டார்கள்.

பிரிட்டனில் நடந்த ஒன்று இன்னும் சின்ன விஷயம், அதனால்தான் எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது. 2003 மார்ச் 24, இராக்கில் ஒரு டாங்கித் தளபதி இறந்தார். பீங்கான் தகடு வைத்த மேம்பட்ட கவசச் சட்டை அவருக்கு முதலில் கொடுக்கப்பட்டிருந்தது. எல்லோருக்கும் போதவில்லை என்பதால் சில நாட்களுக்கு முன்னால் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்துவிட்டார். அது உடம்பில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது. ஏன் போதவில்லை? ஐ.நா.வில் பேச்சு நடக்கும்போது போருக்குத் தயாராவது வெளியே தெரியக் கூடாது என்று, கூடுதல் கவசத்துக்கான ஆர்டர் 2002-இல் பல வாரம் தள்ளிப்போடப்பட்டிருந்தது. மரண விசாரணை அதிகாரி அந்தத் தாமதத்தை மன்னிக்க முடியாதது என்றார். போர் சரியா தவறா என்ற மாபெரும் விவாதத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். போரை முழு மனதோடு ஆதரித்தவர்கூட அந்தச் சட்டைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்து அனுப்பினால் பொறுப்பு தெளிவாகிவிடுமே" என்று சிலர் சொல்வார்கள். ஜெர்மனியில் அப்படித்தான். 1994-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து, ஆயுதம் தாங்கிய படை வெளிநாடு போக நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு காலம் என்பதும் அதிலேயே இருக்கும். பிரான்சில் 2008-இல் திருத்திய சாசனப்படி, நான்கு மாதத்துக்கு மேல் நீடிக்கும் பணிக்கு ஓட்டெடுப்பு தேவை. அந்தத் திருத்தம் வந்த அடுத்த மாதமே ஆப்கானிஸ்தானின் உஸ்பின் பள்ளத்தாக்கில் 10 பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். செப்டம்பரில் நடந்த முதல் ஓட்டெடுப்பே அந்தச் சாவுகளின் நிழலில்தான் நடந்தது. நல்ல ஏற்பாடுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டனில் 2003 மார்ச் 18-ஆம் தேதி இராக் போருக்கும் ஓட்டெடுத்தார்கள்: ஆதரவு 412, எதிர்ப்பு 149. எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ்களில் பெரும்பாலோர் பிரதமர் பிளேயரோடு சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். அதன் பிறகு அவர்களால் போரையே எப்படிக் கேள்வி கேட்க முடியும்? இராக் போரை விசாரித்த சில்காட் குழுவின் அறிக்கை வர 2016 ஜூலை ஆனது. அதற்குள் இராக்கில் இறந்த பிரிட்டிஷ் படையினர் 179 பேர். ஓட்டு பொறுப்பைத் தெளிவாக்கலாம். பெய்ரூட்டில் போல எல்லார் வாயையும் அடைக்கவும் செய்யலாம்.

அப்புறம், இந்தச் சண்டைகள் எவ்வளவு சீக்கிரம் சைகைகளைப் பற்றிய சண்டையாகிவிடுகின்றன என்று பாருங்கள். 2017 அக்டோபர் 4-ஆம் தேதி நைஜர் நாட்டின் டோங்கோ டோங்கோவில் 4 அமெரிக்க வீரர்கள் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தார்கள். அங்கே ஆயிரம் அமெரிக்கப் படையினர் இருப்பதே தனக்குத் தெரியாது என்றார் செனட்டர் லிண்ட்சே கிரஹாம். பாதுகாப்பு விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர்! கேட்க வேண்டிய கேள்வி அங்கேயே கிடைத்துவிட்டது. ஆனால் நாடு முழுக்க விவாதித்தது, இறந்த ஒருவரின் மனைவியிடம் டிரம்ப் தொலைபேசியில் என்ன தொனியில் பேசினார் என்பதை. 2021-இல் காபூலில் இறந்த வீரர்களின் சவப்பெட்டிகள் வந்திறங்கியபோது பைடன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாரா என்பது எதிர்ப்பக்கத்துக்கு அதே மாதிரி கிடைத்த சரக்கு. 2009-இல் பிரிட்டனில் பிரதமர் கார்டன் பிரவுன் கைப்பட எழுதிய இரங்கல் கடிதத்தில் எழுத்துப்பிழை என்று பத்திரிகை கிழித்தது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அது எவ்வளவு வலிக்கும் என்பது புரிகிறது. ஆனால் தொனியைப் பற்றிச் சண்டை போட ராணுவ அறிவு வேண்டாம், ஆவணம் வேண்டாம், தன் கட்சியும் மாட்டிக்கொள்ளுமோ என்ற பயமும் வேண்டாம். அதனால்தான் எல்லோரும் அங்கே போய் நிற்கிறார்கள்.

காபூலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. 2021 ஆகஸ்ட் 26, விமான நிலையத்தின் அபே வாயிலில் தற்கொலைத் தாக்குதல். 13 அமெரிக்கப் படையினரும் சுமார் 170 ஆப்கானியரும் இறந்தார்கள். 2021 மே 1-க்குள் வெளியேறுவதாகத் தாலிபானோடு 2020 பிப்ரவரியில் தோஹாவில் ஒப்பந்தம் போட்டது டிரம்ப் அரசு. காபூல் அரசு அந்த மேசையில் இல்லவே இல்லை. அதை ஏற்று, தேதியைத் தள்ளிவைத்து, வெளியேற்றத்தை நடத்தியது பைடன் அரசு. நகரம் விழும்வரை ஆட்களை வெளியேற்றும் வேலையைத் தள்ளிப்போட்டதும் பைடன் அரசுதான். எது காரணம் என்று கேட்டால் இரண்டும்தான். சமமாக என்று சொல்ல மாட்டேன். அந்த வாயிலில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில், பாதுகாப்புக்குத் தாலிபானையே நம்பி நிற்கும் நிலைக்கு மரைன்களைக் கொண்டுவந்தது கடைசி சில மாதங்களின் முடிவுகள். அந்தப் பங்கு பைடனுடையது. கையில் வேறு சீட்டே இல்லாத நிலையை உண்டாக்கியது டிரம்பின் பங்கு.

இரு தரப்பும் இதை எப்படிக் கணக்கிட்டன தெரியுமா? தன் காலத்தில் 18 மாதம் ஆப்கானிஸ்தானில் ஒரு வீரர்கூடக் கொல்லப்படவில்லை என்று டிரம்ப் பலமுறை சொன்னார். அந்த 18 மாதத்தில் ஏழு மாதம் பைடன் ஆட்சி. பைடன் பங்குக்கு, 2024 ஜூன் மாத விவாத மேடையில், உலகில் எங்கேயும் படைவீரர் சாகாத அதிபர் நான் ஒருவன்தான் என்ற பொருளில் பேசினார். காபூலில் 13 பேர் அவர் காலத்தில்தான் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் ஜோர்டானில் டிரோன் தாக்கி 3 பேர் இறந்ததும் அவர் காலத்தில்தான்.

முந்தைய ஆட்சி திட்டமிட்டது, புதிய ஆட்சி ஒப்புதல் தந்தது என்ற வகை இன்னும் வசதியானது. 2017 ஜனவரி 29-இல் யேமனில் நடந்த அதிரடித் தாக்குதல் டிரம்ப் பதவியேற்ற ஒன்பதாம் நாள். ஒரு சீல் வீரர் இறந்தார். இது நான் வருவதற்கு முன்பே தொடங்கியது, தளபதிகள் விரும்பியது, அவர்கள்தான் அவரை இழந்தார்கள் என்று டிரம்ப் ஒரு பேட்டியில் சொன்னார். ஒபாமாவின் ஆட்கள், நாங்கள் ஒப்புதல் தரவே இல்லை என்றார்கள். என் பார்வையில் இதில் குழப்பமே இல்லை. திட்டம் யார் மேசையில் பிறந்திருந்தாலும், சரி போ என்று சொன்னவருடையது அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்சிகள் சாவைத் தாங்க முடியாத விலையாக்கினால், அந்த விலை காணாமல் போவதில்லை. வேறு யாரோ கொடுக்கிறார்கள். 1994 ஏப்ரல் 7, ருவாண்டா. பிரதமர் அகாத் உவிலிங்கியிமானாவுக்குப் பாதுகாப்பாக இருந்த 10 பெல்ஜியப் படையினர் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் படையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. மொகதிஷு முடிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்ததால் அமெரிக்காவும் அசையவில்லை. அடுத்த சுமார் 100 நாட்களில் அங்கே நடந்த இனப்படுகொலை உலகத்துக்குத் தெரியும். பெல்ஜியத்தில் களத்தளபதி கர்னல் லூக் மார்ஷலை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, 1996-இல் விடுவித்தார்கள். 1997-இல்தான் செனட் குழு அரசியல் பக்கத்தை விசாரித்தது. எப்போதும் இந்த வரிசைதான்: முதலில் கர்னல், அப்புறம்தான் அமைச்சர்.

நடுப்பகுதியை ஒழுங்காகத் தோண்டிய விசாரணை ஒன்றுகூட இல்லையா என்றால், உண்டு. 2006 செப்டம்பரில் காந்தஹார் அருகே பிரிட்டனின் நிம்ரோட் விமானம் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். ஹாடன்-கேவ் என்ற வழக்கறிஞர் 2009-இல் தந்த அறிக்கை பாதுகாப்பு அமைச்சகத்திலும் இரண்டு நிறுவனங்களிலும் இருந்த 10 தனிநபர்களைப் பெயர் சொல்லிக் குறை கூறியது. செலவைக் குறைக்கும் அவசரம் விமானப் பாதுகாப்பை எப்படித் தின்றது என்று பக்கம் பக்கமாக எழுதியது. எந்தக் கட்சிக்கும் அதில் பெரிய ஆதாயமில்லை. ஒருவேளை அதனால்தான் நன்றாக வந்ததோ என்னவோ.

கடைசியாக, கேட்டவர் கேட்காத ஒன்று. தமிழில் இதை எழுதிவிட்டு அமைதிப்படையைப் பற்றிப் பேசாமல் போனால் நன்றாக இருக்காது. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தோடு இந்தியப் படை இலங்கைக்குப் போனது. ஓட்டெடுப்பு இல்லை, இந்தியாவில் அரசே முடிவெடுக்கலாம். சேர்த்து வைக்கப் போன படை அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. அக்டோபர் 11-12 இரவு, புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கினார்கள். புலிகளுக்கு முன்பே தகவல் தெரிந்திருந்தது. 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படையிலிருந்து இறங்கிய 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்குள் 1,100-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் இறந்தார்கள். அந்தப் படையின் கையால் இறந்த தமிழர்கள், யாழ் மருத்துவமனைக்குள் சுடப்பட்டவர்கள் உட்பட, தனிக் கணக்கு.

படை திரும்பத் தொடங்கியது ராஜீவ் காலத்தில். முழுதாகத் திரும்பியது வி.பி. சிங் காலத்தில், 1990 மார்ச் 24 அன்று. சென்னை வரவேற்புக்கு முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்றார். போகாதது சரி என்றும் தேசத்துக்கு அவமானம் என்றும் இன்றுவரை சண்டை நடக்கிறது. முதல் தளபதியாக இருந்தவர் பின்னால் புத்தகம் எழுதி டெல்லியையும் கொழும்பில் இருந்த இந்தியத் தூதரையும் குற்றம் சாட்டினார். சில்காட் மாதிரியோ லாங் மாதிரியோ ஒரு பொது விசாரணை நடக்கவில்லை. அந்த மைதானத்தில் அன்றிரவு ஆட்களை இறக்கச் சொன்ன முடிவு எந்த மேசையிலிருந்து, யார் அவசரத்துக்காக, எந்த உளவுத் தகவலை நம்பி வந்தது என்பதைவிட, வரவேற்பு மேடையில் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்பதைத்தான் முப்பத்தைந்து ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.